மேற்படி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் வீட்டில் வேறு வேலை நடக்காது. கண் பார்வை போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. ஜன்னலால் அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் அங்கேதான் உட்காருவாள். "ம், படி" என்பாள். பெரியவன் போனை எடுத்து, அந்த வாரம் சின்னவள் என்ன சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள், எதைத் தூக்கி எறிந்தாள் என்று படித்துக் காட்ட வேண்டும்.

பெரியவன், சின்னவள் என்பதெல்லாம் அம்மா கூப்பிடுகிற பெயர்கள். பெரியவனுக்கு நாற்பத்தாறு வயது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விபத்துக் கோப்புகளைப் படித்து மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதும் உத்தியோகம். சின்னவளுக்கு முப்பத்து நாலு. பிறந்ததிலிருந்து பேச்சு கிடையாது, புத்தியும் மூன்று வயதோடு நின்றுவிட்டது. ஆனால் சிரிக்கத் தெரியும், அடம் பிடிக்கத் தெரியும். எங்காவது வலித்தால் அழமாட்டாள். அம்மாவின் கையையோ அண்ணனின் கையையோ பிடித்து இழுத்து, வலிக்கிற இடத்தில் வைத்துக்கொள்வாள். ஏழு வயதில் ஒரு பஸ் பயணம் முழுக்க அம்மாவின் உள்ளங்கையைத் தன் வயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டே வந்தாள். இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேறு யார் கையையும் தொடமாட்டாள். அது வீட்டு ஆட்களுக்கு மட்டும் கிடைத்த மரியாதை.

அம்மாவுக்குக் கண் போனபிறகு வேறு வழியில்லாமல் சின்னவளை இல்லத்தில் சேர்த்தார்கள். பஸ்ஸில் ஆறு மணி நேரம். சேர்க்கிற அன்றைக்குக் கொடுத்த படிவத்தில் பழக்கவழக்கங்களை எழுத ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். பெரியவன் யோசித்துப் பார்த்து 'அமைதியானவள்' என்று எழுதினான். அன்றிரவு சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "தினமும் அவளைப் பத்தி ஒரு பக்கம் எழுதி அனுப்புவாங்கம்மா. நான் ஒரு வரி விடாம படிச்சுச் சொல்றேன், போதுமா?" என்றான். அந்தச் சொல்லை நம்பித்தான் அம்மா அன்றைக்குச் சாப்பிட்டாள்.

எழுதி அனுப்புகிறவர் அங்கே சின்னவளைப் பார்த்துக்கொள்கிற ஆயாம்மா. பதிவேட்டில் நாளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும், அதைப் படமெடுத்து வார்டன் வீட்டாருக்கு அனுப்புவார். ஆயாம்மா பேனாவை எடுத்தால் ஓயமாட்டார். மழை வந்ததும், குழாய் ரிப்பேரானதும், பூனை குட்டி போட்டதும் சின்னவளின் கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்பு ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதினவர் என்பதால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருநாள் விவரமாக எழுதிய விஷயம் மறுநாளும் அப்படியே நடந்தால் 'மேற்படி' என்று ஒரே வார்த்தை. அதற்கடுத்த நாளும் நடந்தால் இன்னொரு மேற்படி. மேற்படி வந்தால் பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று பெரியவனுக்கு ஒரே மாதத்தில் விளங்கிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் 'தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருக்கிறாள்' என்று எழுதி, அதற்குப் பின்னால் மூன்று நாள் மேற்படி வந்தது. மூன்றாவது மேற்படியைப் பார்த்ததும் பெரியவன் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினான். காது டாக்டர் உள்ளேயிருந்து ஒரு பாசிமணியை எடுத்துப் போட்டார். அன்றைக்கு ஆயாம்மா இல்லம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "இந்தத் தம்பி ஒரு வரி விடறதில்ல. மூணு மேற்படி போட்டேன், ஆளு வந்து நிக்கறாரு பாருங்க." அதிலிருந்து அது இரண்டு பேருக்கும் நடுவில் சொல்லாமலே ஒரு ஏற்பாடாகிவிட்டது. ஆயாக்கள் வீட்டாருக்குப் போன் பண்ணக்கூடாது என்பது இல்லத்துச் சட்டம். வெளி டாக்டரிடம் கூட்டிப்போக வீட்டார் கேட்க வேண்டும். அதனால் அந்த ஏற்பாட்டை விட்டால் சின்னவளுக்கு வேறு வாய் கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன்பு பெரியவனின் ஆபீஸில் ஒரு செயலியைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது பக்கக் கோப்பைக் கொடுத்தால் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் சாறு பிழிந்து அரைப் பக்கமாக வைத்திருக்கும். பெரியவன் முதலில் முறுக்கிக்கொண்டான். முழுக் கோப்பையும் படிக்கிற ஆசாமி என்பதால் ஆபீஸில் அவனுக்கு 'வாத்தியார்' என்று பெயர். செக்ஷன் தலைவர் ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, உங்க நேர்மையை யாரும் குறை சொல்லல. ஆனா நீங்க ஒண்ணு முடிக்கறதுக்குள்ள பக்கத்து சீட்டுல முப்பது முடியுது. மேல கேக்கறாங்க, நான் என்ன சொல்லட்டும்?"

அதற்குப் பிறகு பெரியவனும் நாளுக்கு முப்பது முடித்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எழுத்து என்று எதைப் பார்த்தாலும் கண் எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயாம்மாவின் ஏழு பக்கத்தையும் அந்தச் செயலியிடமே கொடுத்துப் பார்த்தான். கோணல் கையெழுத்தைக்கூட அது தப்பில்லாமல் வாசித்துவிட்டது. பக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தான், எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த வாரம் பாதி ஒப்பிட்டான். அதற்கடுத்த வாரம் ஒப்பிடவில்லை. பூனையும் குழாயும் வேண்டாமே என்று ஒரு கட்டளையும் எழுதி வைத்தான்: 'மூன்று வரி போதும். திரும்பத் திரும்ப வருவதை விட்டுவிடு. புதிதாக ஏதாவது இருந்தால் மட்டும், அம்மா பயப்படாதபடி சொல்.' குறை சொல்வதென்றால் யந்திரத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம், அதற்கு ரோஷம் வராது. ஆனால் அது சொன்னதைத்தான் செய்தது.

அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. கண் இல்லாதவர்களை ஏமாற்றலாம் என்று நினைப்பது கண் உள்ளவர்களின் முட்டாள்தனம்.

"ஏண்டா, முன்னெல்லாம் முக்கால் மணி நேரம் படிப்பே. இப்ப உக்காந்த சூடு ஏறலை, முடிஞ்சிருச்சுங்கறே?"

"அந்தம்மா இப்பல்லாம் சுருக்கமாத்தாம்மா எழுதறாங்க."

"பூனை என்னாச்சு?"

"பூனை நல்லா இருக்கு" என்றான் பெரியவன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு செயலி கொடுத்த மூன்று வரி இது: 'உணவில் ஆர்வம் சற்றுக் குறைந்துள்ளது. பராமரிப்பாளரிடம் பாசமாக நடந்துகொள்கிறாள். மற்றபடி வழக்கம்போல.' பெரியவன் அதைப் பேச்சு வழக்கில் மாற்றிச் சொன்னான். ஆயாம்மாகிட்ட ரொம்பப் பாசமா இருக்காளாம் என்றதும் அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக, "பரவால்லடா, அங்கயும் ஒரு மனுஷி கிடைச்சிட்டா அவளுக்கு" என்றாள். அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அதற்குப் பிந்தைய வாரம், 'குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.' அதற்குப் பிந்தைய வாரமும் அதேதான். நாலாவது வாரம், 'பராமரிப்பாளர் சகோதரரை அன்புடன் விசாரித்துள்ளார்.' அம்மா, "நீயும் ஒருதரம் போய்ப் பாத்துட்டு வாயேண்டா" என்றாள். "இந்த மாசம் தலைக்கு மேல வேலைம்மா, அடுத்த மாசம் கண்டிப்பா போறேன்" என்றான். ஐந்தாவது வாரம் மாற்றம் எதுவும் இல்லை. ஆறாவது வாரம், 'நல்ல ஓய்வில் இருக்கிறாள்.'

மறுநாள் திங்கட்கிழமை காலை வார்டன் போன் பண்ணினார். பெரியவன் ஆபீஸ் லிஃப்டில் இருந்தான். ஆஸ்பத்திரி பெயரைக் கேட்டதும் கீழே இறங்கி நேரே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். ஆறு மணி நேரப் பயணத்தில் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை. சின்னவளுக்கு இன்னும் ஆபத்து எதுவும் வந்திருக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

சின்னவள் கண் திறக்கவில்லை. கையில் ஊசியும் மூக்கில் குழாயுமாகக் கிடந்தாள். இளம் வயது டாக்டர் ஒருவர் அவனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார்.

"கடைவாய்ப் பல்லுங்க, இடது பக்கம். சீழ் வெளிய வீங்காம உள்ளயே இறங்கி ரத்தத்துல கலந்திருச்சு. எத்தனை நாளா வலின்னு சொன்னாங்க?"

"அவ பேசமாட்டா."

"ஏதாவது காட்டியிருப்பாங்களே? ஒரு மாசத்துக்கு மேல இருந்திருக்கணும் இது. முன்னாடியே வந்திருந்தா பல்லைப் பிடுங்கிட்டு மாத்திரை குடுத்து அனுப்பியிருப்போம்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சின்னவள் போய்விட்டாள். அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் கத்தவில்லை. "ஒரு பல்லுக்காகவா?" என்று மட்டும் கேட்டாள். காரியமெல்லாம் முடிகிறவரை அதே கேள்வியைத்தான் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினோரு நாள் கழித்துத் துணிமணிகளை வாங்கப் பெரியவன் இல்லத்துக்குப் போனான். ஒரு பை, இரண்டு போர்வை, காது பிய்ந்த துணி முயல். வார்டன் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். பிறகு டைப் அடித்த ஒரு தாளை மேஜையில் தள்ளினார்.

"உங்கம்மாதான் சார் கார்டியன். அவங்க கையெழுத்து மட்டும் போதும். ஆயாம்மா மேல நடவடிக்கை எடுக்கணும்னா வீட்டு ஆளுங்க புகார் வேணும். பாருங்க, ஒரு மாசத்துக்கு மேல வெறும் மேற்படி, மேற்படின்னு எழுதித் தள்ளியிருக்காங்க. இதைப் படிச்சா உங்களுக்கு என்ன புரியும், சொல்லுங்க?"

ஆயாம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். பத்து நாளில் ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

"தம்பி" என்றார். "விவரமா முதல் நாளே எழுதினேனே. அப்புறம் தினம் மேற்படி போட்டேனே. மூணாவது போட்டதும் வந்துருவீங்கன்னு வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தேன். வரலைன்னதும், அண்ணன்காரரே படிச்சுட்டுப் பேசாம இருக்காரு, அப்ப பயப்படற விஷயமில்லைன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்கதானே ஒரு வரி விடாம படிப்பீங்க?"

பெரியவன் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தான். வாரில் ஒரு கோளாறும் இல்லை. நிமிர்ந்தபோது தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட காட்டறேன்" என்றான். இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை அவன் தன் வாழ்நாளில் பேசியதில்லை. ஆயாம்மா பையை வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்கு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், உட்காரக் காரணம் இல்லாவிட்டாலும். பெரியவன் புகாரைப் படித்துக் காட்டினான். 'பதிவேட்டில் விவரமாக எழுதாததால் குடும்பத்தாருக்கு நிலைமை தெரியவரவில்லை' என்ற இடத்தில் இருமிச் சமாளித்தான்.

"குடு, போடறேன்" என்றாள் அம்மா. "பொம்பளை சரியா எழுதியிருந்தா எம்பொண்ணு இப்ப இருந்திருப்பா. நானும் பாசம் பாசம்னு பூரிச்சுக் கிடந்தேனே, பாவி." பேனாவைக் கையில் வைத்து விரலைக் கோட்டில் பதித்துக் காட்டினான். அம்மா எழுதப் போனவள் நிறுத்தினாள்.

"போடறதுக்கு முந்தி அவ என்னதான் எழுதினான்னு படி. போன்ல இருக்கில்ல?"

"இருக்கும்மா."

"நீ சொல்ற மாதிரி வேண்டாம். அவ எழுதின மாதிரியே படி."

அந்த நிமிஷம்வரை பெரியவனும் அந்தப் பக்கங்களைத் திறந்து பார்த்திருக்கவில்லை. பத்து நாளாகப் போன் கையில்தான் இருந்தது, துணிச்சல்தான் இல்லை. ஆபீஸ் வேலை அதிகமான பிறகு வந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனான். ஒரு புதன்கிழமையில் கை நின்றது. படித்தான்.

"'இன்று காலை நல்ல வெயில். குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். பூனைக்குட்டி ஒன்று காணவில்லை, சமையல்கட்டில் தேடினோம். இவள் சாப்பாட்டை வலது பக்கமே ஒதுக்கி மெதுவாக மெல்லுகிறாள். பாதியில் எழுந்து வந்து என் கையை எடுத்துத் தன் இடது கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் எடுத்தால் திரும்பவும் இழுத்து வைத்துக்கொள்கிறாள். நாலு வருஷத்தில் இப்படிச் செய்ததில்லை. பாசத்தில் செய்கிறாளா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. அண்ணன்காரருக்குத் தெரியும்.'"

அம்மாவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்து உருண்டது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"கையை எடுத்து வச்சாளா?"

"ஆமாம்மா."

"இதை எனக்கு நீ படிக்கலையே."

"படிக்கலை" என்றான் பெரியவன். "நானே படிக்கலம்மா. மெஷின்ல குடுத்து மூணு வரி வாங்கினேன். அதைத்தான் உனக்குச் சொன்னேன்."

திட்டுவாள், அறைவாள், குறைந்தபட்சம் அழுவாள் என்று காத்திருந்தான். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மறுநாள்?"

"மேற்படின்னு போட்டிருக்காங்க."

"மேற்படின்னா?"

"மேல சொன்னதேதான், அப்படின்னு அர்த்தம்."

"அப்ப மேல சொன்னதைப் படி."

படித்தான். என் கையை எடுத்துத் தன் இடது கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் எடுத்தால் திரும்பவும் இழுத்து வைத்துக்கொள்கிறாள்.

"அதுக்கு மறுநாள்?"

"அன்னிக்கும் மேற்படிதாம்மா."

"படி."

அடுத்தது சனிக்கிழமை, மூன்றாவது மேற்படி. பஸ் ஏறியிருக்க வேண்டிய நாள். அதையும் படித்தான். அம்மா ஒரு நாளைக்கூட விடவில்லை. பன்னிரண்டாவது தடவை, "அம்மா, போதும்மா" என்று கெஞ்சினான். "அவளுக்குப் போதும்னு இருந்துச்சா? படி" என்றாள். குரல் உயரவில்லை. நாலாவது வாரத்தில் ஒரு பக்கத்தில் ஆயாம்மா இரண்டு வரி கூட்டி எழுதியிருந்தார்: 'மேற்படி. அண்ணன்காரருக்கு வேலை அதிகம் போலிருக்கிறது. சௌக்கியமாக இருக்கிறாரா?' அதையும் படித்து, மேல சொன்னதையும் படித்தான். இருபதுக்குப் பிறகு போனைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்து, அம்மாவின் பாதத்தில் ஏறியது. குரல் சொல் சொல்லாகத்தான் வந்தது. முப்பத்தேழு தடவை சின்னவள் எழுந்து வந்து யாரோ ஒருத்தியின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

கடைசிப் பக்கம் சனிக்கிழமையுடையது. அதில் மேற்படி இல்லை.

"'இன்று என் கையை எடுக்கவில்லை'" என்று படித்தான். "'நானாகவே கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறக்கவில்லை. காலையிலிருந்து படுத்தே கிடக்கிறாள். உடம்பு கொதிக்கிறது. வார்டனிடம் சொல்லிவிட்டேன். யாராவது வாருங்கள்.'"

அம்மா கையை நீட்டி மடியிலிருந்த புகார்த் தாளைத் தடவி எடுத்தாள். கசக்கவில்லை, கிழிக்கவில்லை. அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"இந்தப் பக்கத்துக்கு எனக்கு என்னன்னு சொன்னே?"

பெரியவன் உருண்டுபோன பேனாவைக் குனிந்து எடுத்தான்.

"கேக்கறேன்ல. அந்த ஞாயித்துக்கிழமை இதே இடத்துல உக்காந்து எனக்கு என்னன்னு படிச்சே?"

"நல்லா ரெஸ்ட் எடுக்கறாளாம்னு சொன்னேன்" என்றான்.

அம்மா தலையை ஆட்டினாள். அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டு, குழந்தை தூங்கட்டும், யாரும் எழுப்பாதீங்கடா என்று அவள் சொன்னது இரண்டு பேருக்கும் நினைவிருந்தது.